இல்லாத பிரேக்கை மிதித்தவர்

கோவையிலிருந்து கோபிக்குப் போகும் பகல் பேருந்தில், முதல் இருக்கையில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், சிவந்த கண்கள். மாடு குறுக்கே வந்தாலும் வேகத்தடை வந்தாலும் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“லாரி ஓட்டுனவனுங்க. ஒருக்கா ஸ்டியரிங்குல கண்ணசந்துபோட்டேன். முழிச்சுப் பாத்தா வண்டி வாழைத்தோட்டத்துக்குள்ள நிக்குது. ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. ஆனா அன்னைல இருந்து, ஊட்ல கட்டில்ல படுத்தாலும் கண்ணை மூடப் பயமுங்க. நான் மூடுனா ரோட்டை ஆரு பாக்கறது?”

“நான் பாத்துக்கறேனுங்க. நீங்க தூங்குங்க” என்றேன். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

“ரோட்டை உட்டுக் கண்ணை எடுக்கப்படாதுங்க.”

“எடுக்க மாட்டேனுங்க.”

அவினாசி தாண்டியதும் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கால் தளர்ந்து செருப்பு கழன்றது. அவர் டிக்கெட் எடுத்திருந்த நம்பியூரும் வந்தது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கோபி பேருந்து நிலையத்தில் நடத்துநர் அதட்டியபோதுதான் விழித்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வெளியே பார்த்தார், கழன்று கிடந்த செருப்பைப் பார்த்தார், துள்ளி எழுந்தார்.

“ஏனுங்க கண்டக்டரே, நம்பியூரைத் தாண்டித் தூங்கிப்போட்டேனுங்க!”

எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டு இத்தனை கர்வத்தோடு நடந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

நானும் எழுந்தேன். வலது கால் மரத்துப்போயிருந்தது. அவினாசியிலிருந்து அது தரையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.