தலைவர் நேரில் வரவேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேர்தல் ஆணையாளர் ஆக்கிவிட்டார்கள். பயப்படாதீர்கள்... ஒரு பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் நிர்வாகக் குழுத் தெரிவு, அவ்வளவுதான். வெளியாள் நடத்தினால் சண்டை வராது என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்!

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப் போக வந்தவள் சுகிர்தா. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை, சட்டம் படிக்கிறாள். வழியில், காலி வீதி என்ற பெருந்தெருவில் சோதனைச்சாவடி. சிங்களத்தில் மளமளவென்று கதைத்து, பையைத் திறந்து காட்டி, என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"அன்ரி, நான் இண்டைக்குத் தலைவர் பதவிக்குக் கேக்கப் போறன்" என்றாள் நடந்தபடியே. "பிறகு ஒருநாள் பாராளுமன்றத்துக்கும் கேப்பன். சிரியாதேங்கோ."

நான் ஏன் சிரிக்கிறேன்? ஆனால் அந்த மன்றத்தில் இதுவரை ஒரு பெண்ணும் தலைவராக இருந்ததில்லை. பெண்களுக்கென்றே ஒரு பதவி இருக்கிறதே — உப செயலாளர்! விழா நாளில் வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலை இலவச இணைப்பு.

சுகிர்தாவுக்கு எதிராகத் தினேஷ் என்ற பெடியனின் பெயர் வந்தது. நல்ல பிள்ளை, அழகாகப் பேசுவான். அவனுக்காக ஒரு நண்பன் எழும்பினான்.

"சுகிர்தா கெட்டிக்காரிதான். ஆனா நாட்டு நிலைமை சரியில்லை. பொம்பிளைப் பிள்ளை வெளியில அலையேலுமோ?"

கைதட்டல் வேறு! பெண் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுகிர்தா நிதானமாக எழும்பினாள். "சரி, நான் விலகிறன். தினேஷே வரட்டும். விழாவுக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கோணும். நாளைக்குத் தலைவரை நேரில வரச் சொல்லியிருக்கினம். போன வருசம் தலைவருக்குப் பதிலா நாங்கள் பொம்பிளைப் பிள்ளையள்தான் போனனாங்கள். இந்தமுறை தலைவரே போகட்டும்."

தினேஷுக்காக எழும்பிய நண்பன் கதிரையில் இருந்துவிட்டான்.

ஏன் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் உள்ள ஓர் இளைஞன் பொலிஸ் நிலையத்துக்குள் தானாக நடந்து போனால், எப்போது வெளியே வருவான்? யாருக்குத் தெரியும்? அதனால் மண்டபம் பிடிப்பது, சுவரொட்டி ஒட்டுவது, பிடிபட்ட பெடியனை வெளியே எடுக்க ஓடுவது... எல்லாம் இந்தப் பெண்கள்தான்.

தினேஷ் மெல்ல எழும்பினான். அவன் அட்டையிலும் யாழ்ப்பாணம்தான்.

"அன்ரி... நான் சுகிர்தாவின்ர பேரை முன்மொழியிறன்."

ஒருவரும் எதிர்க்கவில்லை. என் ஆணையாளர் வேலையும் சுலபமாக முடிந்தது.

திரும்பி வரும்போது கேட்டேன். "அவனை உண்மையாவே அனுப்பியிருப்பியோ?"

"சீ, இல்லை அன்ரி! நான்தான் போயிருப்பன்."

"உனக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். பயத்தோட போய்ப் பழகிட்டம்."

அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் முதலே தெரியும். அதற்காகவா பதவி கொடுத்தார்கள்? பாராளுமன்றத்திலும் பாருங்கள் — புருஷனைப் பறிகொடுத்த பிறகுதானே நம் பெண்கள் பலருக்கு ஆசனம் கிடைத்தது? ஆபத்தோ இழவோ வந்தால்தான் நம் ஞாபகம் வருகிறது.

இந்த யுத்தமும் ஒருநாள் ஓயும். தினேஷ்மார் பயமில்லாமல் வெளியே நடப்பார்கள். நடக்கட்டும், நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கும் நீ தலைவர் கதிரையை விட்டு எழும்பிவிடாதே, பிள்ளை!