வைக்கோல் பொம்மையின் சட்டை

மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியைக் கட்டும்போது காவலுக்கு இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. பாதமெல்லாம் வெடிப்பு. கண் இமைப்பதே அபூர்வம். வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய வைக்கோல் பொம்மையின் காலடியில் தன் டீயில் பாதியை ஊற்றி வைப்பார். அந்தப் பொம்மை தெருவுக்கு முதுகு காட்டிக் கட்டடத்தையே பார்த்து நின்றது.

“தெருப் பக்கம் திருப்பிக் கட்டக்கூடாதா?” என்றேன்.

“அது போட்டிருக்கறது எங்க அண்ணன் சட்டைங்க. பயிரு கருகுன வருசம் போய்ட்டாரு. வயலப் பாத்துக்கிட்டு நின்னுதான் அவருக்குப் பழக்கம். அவரு நின்னா ஒரு காக்கா இறங்காது.”

வேலை முடிந்ததும் அவர் போய்விட்டார். பொம்மையைக் குப்பை லாரியில் ஏற்றியதை நானே பார்த்தேன்.

அமாவாசைதோறும் இறந்துபோன அப்பாவுக்காக மொட்டைமாடியில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுகிறேன். பக்கத்து மாடிகளில் கூட்டமாகக் கரைகின்றன. எங்கள் சோறு மட்டும் சாயங்காலம்வரை கிடந்து காய்கிறது.