இடி இடித்தது, பிளக்கைப் பிடுங்கினேன்

என் மகள், பங்குகளைத் தானாக வாங்கி விற்கும் மென்பொருள் ஒன்றை எழுதி, ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கணினியில் ஓடவிட்டிருக்கிறாள். போன மாதம் ஒரு மதியம் அவள் சேலம் போயிருந்தபோது இடி இடித்தது. மலையில் இடி கேட்டாலே எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவது எங்கள் பழக்கம். டிவி, ஃபிரிட்ஜோடு அந்தக் கணினியையும் பிடுங்கிவிட்டு, பெருமையாக அவளுக்குப் போன் செய்தேன்.

“ஏம்மா, இப்பத்தான் வாங்குச்சு. விக்கறதுக்குள்ள புடுங்கிட்டீங்களே!”

“மெஷின் நின்னா யாவாரமும் நின்னுரும்னு நினைச்சேன் கண்ணு.”

“அதென்ன மிக்சியா? முடிவெடுக்கற மூளை மட்டுந்தான் நம்ம ஊட்டுல இருக்குது. வாங்குன பங்கு சந்தையில நிக்குது.”

அவளுடைய மூன்று வருடச் சேமிப்பு! போனிலேயே அழுதுவிட்டேன்.

“அழுவாதீங்க. விலை நொம்ப எறங்குனா வித்துரச் சொல்லி, வாங்குனப்பவே புரோக்கர்கிட்ட ஆர்டர் போயிருச்சு. அதுக்கு நம்மூட்டு கரண்டு வேண்டாம்.”

அன்று விலை இறங்கத்தான் செய்தது. அந்த ஆர்டர் மட்டும் என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால், சிறு நஷ்டத்தோடு தப்பினோம்.

இப்போதெல்லாம் இடி இடித்தால், பிளக்கைத் தொடும் முன் அவளுக்குப் போன் போட்டு, “வித்தாச்சா கண்ணு?” என்று கத்துகிறேன். நேற்று பக்கத்து வீட்டு அக்கா வந்து, “ஏனுங்க, ஊட்டை விக்கறீங்களாமா?” என்று கேட்டார்.