நூல்கண்டைச் சுற்றி வந்த பெண்

நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அம்மா தறியில் உட்கார்ந்துவிட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பொட்டலக் காகிதங்கள்தான். பருப்பு வந்த காகிதத்தில் கதை பாதியில் தொடங்கும். மிளகாய் வந்த காகிதத்தில் பாதியில் நின்றுவிடும். அதில் வருகிறவர்களின் கதி தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. நான் அப்படியொரு பயந்த பிறவி.

சித்தி அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். நூல் வாங்கி வருவது என் வேலை. பல்பு வெளிச்சத்தில் பட்டின் நிறம் பொய் சொல்லும் என்பதால், துணித்துண்டையும் நூல்கண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி வெயிலில் பார்க்க வேண்டும். பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் தீராது. அரக்கா, குங்குமமா? நூல்கடை மாமா சிரித்துக்கொண்டே, கிட்டத்தட்ட அதே நிறத்தில் இருக்கும் கண்டுகளையெல்லாம் ஒரு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார்.

"அத்தனையும் எடுத்துக்கினு போமா. சித்தி எத எடுக்குதோ எடுக்கட்டும். மீதிய அப்பால கொண்டாந்து குடு."

அப்படி வந்த ஒரு தாளில்தான் அந்தப் பெண் இருந்தாள். ரயில் நின்ற ஏதோ ஓர் ஊரில், அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது. தாளும் முடிந்துவிட்டது. படத்தில் ரெட்டைச்சடையும் கையில் சொம்புமாகத் தனியாக நின்றாள். அன்றிலிருந்து தெருக்குழாய்க்குப் போனாலும், வீடு கிளம்பிவிட்டதோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

மீதிக் கண்டுகளைக் கொடுக்கப் போனபோது அந்தத் தாளையும் நீட்டினேன். மீதிக் கதை இருக்கிறதா என்று கேட்கப் பயம். மாமா படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாமா ஆச்சி இந்தப் பொண்ணுக்கு?"

"ரயிலு வுட்டுட்டு பூடிச்சி மாமா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த முறை நூலைச் சுற்றிவந்த தாளில் அதே ரெட்டைச்சடை, அதே சொம்பு! அதற்கடுத்த முறையும் அவளே. மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பழைய தாள்களில் எனக்கு வேண்டியது மட்டும் எப்படி என் கைக்கு வருகிறது? காமாட்சியம்மன்தான் அனுப்புகிறாள் என்று நம்பினேன். ஒவ்வொரு முறையும் மாமா, "அப்பால இன்னா ஆச்சி?" என்று கேட்பார். நான் படித்ததைச் சொல்லுவேன்.

"ஏம்பா, பொத்தான் குடுப்பியா, கதையே கேட்டுக்கினு இருப்பியா?" என்றாள் காத்திருந்த ஓர் அம்மாள்.

"இரும்மா, அந்தப் பொண்ணு பாலத்து மேல தனியா நடந்துக்கினு இருக்குது!"

ஒருநாள் நூல் வெறும் பழுப்புக் காகிதத்தில் வந்தது. மூட்டைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று, இனி அந்தப் பெண் இல்லை என்றார் மாமா.

"அவ வூட்டுக்குப் போனாளா மாமா?"

என் முகத்தைப் பார்த்தார். "ஓ, போய்ட்டாளே! சொம்பு ரொம்பத் தண்ணியோட போய்ட்டா. அவங்கம்மா வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க."

அன்றைக்குச் சோறு இறங்கியது. மாமா எல்லாக் கதையையும் முன்பே படித்துவைத்திருக்கிறார் என்று சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

மிதித்துக்கொண்டிருந்த மெஷினை சித்தி நிறுத்தினாள். "யாரு, அவரா? அவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாதுடி. தெலுங்கு மட்டுந்தான் படிப்பாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் இந்தக் கதை தெலுங்கிலும் வந்திருக்கிறது! அதில்தான் மாமா முடிவைப் படித்திருக்கிறார்! எவ்வளவு படித்த மனிதர் நம் தெருவில் பொத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று வாயைப் பிளந்து நின்றேன்.