செங்கமலம் தலை முழுகிய இரண்டு நாட்கள்

பாண்டுரங்கனுக்குப் பென்னலூர் மாந்தோப்பு வீடு பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அங்கே சத்தம் இல்லை.

அது 1963, சித்திரை மாதம். கோடம்பாக்கத்துப் படக் கம்பெனி ஒன்று, ஒரு மாதத்தில் கதை வசனத்தை முடித்துத் தரச் சொல்லி அவரைக் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தது. முதலில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜ். உடையவர் உற்சவத்து மேளமும் கூட்டமும் அவரை ஒரே நாளில் விரட்டியடித்தன. அடுத்து மண்ணூரில் ஒரு வீடு. பக்கத்திலேயே ரைஸ் மில். மூன்றாவதாகத்தான் இந்தத் தோப்பு வீடு, பட்டணத்து வக்கீல் ஒருவருடையது. காவலுக்கும் சமையலுக்கும் செங்கமலம் இருந்தாள். புருஷனை இழந்தவள். தோப்புக்குப் பின்னால் குடிசையில் தனிக்கட்டையாகக் காலம் தள்ளினாள்.

பாண்டுரங்கன் முற்றத்தில் நின்று கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். காற்று கூட இல்லை.

"ஏம்மா, குழந்தை குட்டி ஏதாவது உண்டா? சத்தம் போடுமா?"

"ஒருத்தன் இருந்தான் சார். பூட்டான்."

"ரொம்ப நல்லது" என்றவர், பெட்டியை இறக்கும்படி டிரைவருக்குக் கை காட்டினார்.

அந்த ஒருத்தன் நடேசன். பதினெட்டு வயதில் சினிமாவில் சேரப்போகிறேன் என்று கிளம்பியவன். போன மூன்றாம் மாதம் ஒரு கார்டு வந்தது. போஸ்ட்மேன்தான் படித்துக் காட்டினார். 'ஒரு படத்தில் கூட்டத்தில் நிற்கிறேன். கோடு போட்ட சட்டை. அவசியம் பார்க்கவும்.' எந்தப் படம் என்று எழுத மறந்துவிட்டான். அதன் பிறகு ஆறு வருஷமாக ஒரு வரி இல்லை.

அந்த ஆறு வருஷமும் ஸ்ரீபெரும்புதூர் டென்ட் கொட்டகையில் மாறிய ஒரு படத்தைக்கூட செங்கமலம் விட்டதில்லை. ஆனால் ஒரு படத்தின் கதையும் அவளுக்குத் தெரியாது. ராஜா முழங்குவான், கதாநாயகி கண்ணீர் விடுவாள், செங்கமலம் கூட்டம் வரக் காத்திருப்பாள். திரையில் சந்தையோ கோர்ட்டோ வந்து நாலு பேர் கூடிவிட்டால் போதும், மணலைவிட்டு எழுந்துவிடுவாள்.

"உக்காரும்மா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். கூட வரும் சிநேகிதி கனகம் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "நீ எவன் தலையத் தேடிக்கினு கீற, நான் எவன் வாயில திட்டு வாங்கிக்கினு கீறேன் பாரு!"

இப்போது அந்தச் சினிமாவே வீடு தேடி வந்திருந்தது. மூன்றாம் நாள் செங்கமலம் காபியை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு போட்டோவையும் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் நடேசன்.

"எம் புள்ள சார். அங்கதான் எங்கியோ கீறான். உசுரோட கீறானான்னு தெரிஞ்சாப் போதும்."

"மூக்கு நல்லா இருக்கே" என்றார் பாண்டுரங்கன். "அடுத்த வாரம் மேனேஜர் வர்றான். அவன்கிட்டக் குடுத்து விசாரிக்கச் சொல்றேன்."

மேனேஜர் வந்தார், போனார். மறுநாள் உச்சிவேளையில் செங்கமலம் சாப்பாட்டுத் தட்டோடு போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாண்டுரங்கனின் குரல் நடுங்கியது.

"அந்தத் தாய்கிட்ட எப்படிச் சொல்றது? வாசலையே பார்த்துக்கிட்டிருக்காளே! உன் பிள்ளை செத்துட்டான்னு எந்த வாயால சொல்றது?"

செங்கமலம் தட்டைப் படியில் வைத்தாள். நேரே கிணற்றடிக்குப் போனாள். நாள் கடந்து வந்த சாவுச் செய்திக்கு ஒரு முழுக்குப் போட வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அதுதான். நீர் இறைத்து, கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். மூன்று வாளி.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த கனகம் திகைத்து நின்றாள். "இன்னாடி இது, மொட்ட வெயில்ல தலை முழுவிக்கினு? யாருக்கு?"

"நடேசனுக்கு."

கனகம் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். பேனாவும் கையுமாகப் பாண்டுரங்கன் வெளியே வந்தார்.

"என்ன சத்தம்? மனுஷன் எழுத வேண்டாமா?"

விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, அது வசனம்மா! படத்துல ஒருத்தன் சொல்றது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாத்தான் எனக்கு எழுத வரும்."

"அப்போ எம் புள்ள?"

"நல்லாத்தான் இருப்பான்."

"மேனேஜராண்ட குடுத்தீங்களா சார்?"

"குடுத்துட்டேன், குடுத்துட்டேன். பதில் வரும்."

கனகம் அழுத கண்ணோடு சிரித்தாள். "பொய்ச் சாவு சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. போடி, உம் புள்ளைக்கு நூறு வயசு!"

அன்று செங்கமலம் ஈரம் காயாத கூந்தலோடு அடுப்பை மறுபடி மூட்டினாள். பாண்டுரங்கனுக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் கதை முடிந்தது. கார் வந்தது. "ராசியான இடம்மா. இந்த அமைதி எங்கேயும் கிடைக்காது" என்றபடி அவர் ஏறி உட்கார்ந்தார்.

"சார், பதிலு?"

"வரும்மா, வரும்."

புழுதி அடங்கியதும் அவள் அறையைப் பெருக்கினாள். மேஜைக்கு அடியில், அடித்துத் தள்ளிய காகிதங்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. அவற்றின் நடுவிலிருந்து ஒரு அட்டை முனை நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்று தெரிய வைத்த அடையாளம். இழுத்தாள். நடேசன். வெள்ளைச் சட்டையின் மேல் காபி டம்ளரின் வட்டக் கறை.

செங்கமலம் அதை முந்தானையால் துடைத்தாள். கறை போகவில்லை. போட்டோவைக் குடிசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

"இன்னிக்கு யாருக்குடி?" என்று கனகம் பதறிப்போய்க் கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. கோடம்பாக்கத்தத் தலை முழுவிட்டேன்."

வெள்ளிக்கிழமை கொட்டகையில் படம் மாறியது. வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கனகம் கூப்பிட்டாள். செங்கமலம் வந்தாள். கதாநாயகன் பெயர் என்ன, அவன் தங்கை ஏன் அழுகிறாள் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. இடைவேளைக்குப் பிறகு திரையில் ஒரு சந்தை வந்தது. நூறு பேர் இருப்பார்கள்.

செங்கமலம் குனிந்துகொண்டாள். மணலில் விரலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் சந்தை மறைந்தது. "பூட்டாங்கடி, எல்லாரும் பூட்டாங்க" என்று கனகம் தோளைத் தொட்டாள்.

அவள் மணலைக் கையால் மட்டமாகத் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.