தேடிப் பார்க்கும் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்து ஸ்டூலில், ஒரு பழைய சிடி பிளேயர் இருக்கிறது. சாம்பல் நிறம். கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் மிச்சம். மூடி தானாக நிற்காது. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் சிடியை வைக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, இது இன்னுமா ஓடுகிறது என்றுதான். ஓடுகிறது. உள்ளே இருக்கும் ஒரே சிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால், பளபளக்கும் பக்கத்தில் மிளகளவு ஒரு சிவப்புக் கறை தெரியும். யாராவது அதைத் துடைக்கப் போனால் என் குரலே மாறிவிடுகிறது என்று என் கணவர் சொல்கிறார். மாறத்தான் செய்கிறது.

இதைத் தேர்ந்தெடுத்தவர் என் பாவா. அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மையார்குப்பத்தில் நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும் கொட்டகைக்குள் பேச்சு எடுபடாது. விரலைக் காட்டினால் நூல், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து என்று எல்லாமே கை பாஷைதான். அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நாங்கள் அவரிடம் தொண்டை கிழியக் கத்துவோம். அக்கா மட்டும் கத்தியதே இல்லை. அவர் பார்க்கும்படி எதிரில் போய் நின்று, எங்களிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். அவருக்குக் கேட்டுவிடும். இதைச் சொல்லி நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. சிரித்துக்கொண்டே வேறு பக்கம் பார்ப்பார், அந்தக் கேலி மட்டும் காதில் விழாததுபோல.

அக்கா நன்றாகப் பாடுவாள். திருத்தணி மலையில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறும் பெண்கள் கூட்டத்தில் முன்வரிசை அவளுக்குத்தான். ஒருமுறை அந்தக் கூட்டத்தையே உட்காரவைத்து, உள்ளூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்து ஆளுக்கொரு சிடி கொடுத்தார். ஐந்தாவது பாட்டு அக்கா தனியாகப் பாடியது. ஸ்டூடியோக்காரர் பிறகு கடையை மூடிவிட்டுப் பிழைப்புக்கு வேறு ஊர் போய்விட்டார். மற்ற பெண்களின் சிடிகளை விசாரித்தபோது, ஒன்று டிராக்டரின் பின்னால் மின்னிக்கொண்டிருந்தது, இன்னொன்று மாடியில் காய வைத்த மிளகாய்க்கு மேலே குருவி விரட்டிக்கொண்டிருந்தது. எஞ்சியது அக்காவுடையது மட்டும்தான்.

அக்கா காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு பாவா காலையில் காபி போட்டுக்கொண்டு அந்த எட்டுப் பாட்டுகளையும் கேட்பார், ஸ்பீக்கர் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. இரண்டாவது வருடம் அந்த வீட்டுப் பழைய பிளேயர் அடியோடு நின்றுபோனது. போனில் பேசினால் அவருக்குக் கேட்காது என்பதால் பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். “பாப்பா, பாட்டுப் பொட்டி ஒண்ணு வாங்கணும். நீ படிச்சவ. ரொம்ப வெல போவாம, ஒழுங்கா ஒழைக்கிறதா பாத்துச் சொல்லு” என்றார். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு நான் பாப்பாதான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் கட்டம் போட்டால்தான் எனக்கு மனம் ஆறும். உத்தரவாதம் எத்தனை மாதம், ரிமோட் உண்டா, ரேடியோ உண்டா, பென் டிரைவ் போடலாமா என்று ஒரு தாளில் எழுதி, மூவாயிரத்துக்குள் அடங்குகிறதில் அதிக டிக் வாங்கியதை ஆன்லைனில் வரவழைத்தேன். நீல விளக்கெல்லாம் எரிந்தது. நாலு பாட்டு பாடியது. ஐந்தாவதில் திக்கி, நின்று, திரையில் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. திருப்பி அனுப்பினேன். பெங்களூரில் இருக்கும் அக்கா மகள் வந்தபோது லேப்டாப்பில் போட்டு போனுக்கு மாற்றப் பார்த்தாள். ஏழு பாட்டு ஏறியது, ஐந்தாவது ஏறவில்லை. சிடியில் ஏதோ அழுக்கு இருக்கிறது, கொடுங்கள், கழுவித் தருகிறேன் என்று நான் கேட்டேன். பாவா கொடுக்கவில்லை. உறையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிடிவாதக்கார மனுஷன் என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ எல்லாம் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். பழைய பிளேயர்களைச் சரிபார்த்து விற்பார். அவரிடம் போகலாம் என்றேன். கிருத்திகைக்கு எப்படியும் மலைக்கு வருவேன், அன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார் பாவா. சரி என்று தலையாட்டியது என் தப்பு. கிருத்திகையன்று காவடியும் பம்பையும் தெருவை அடைத்துக்கொண்டு போக, ஓட்டல் வாசல்களில் ஸ்பீக்கர் அலற, கடைக்குள் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பாட்டுப் பெட்டி வாங்க அதைவிட மோசமான நாள் கிடையாது. எங்கள் மூன்று பேரில் பாவா மட்டும்தான் கவலைப்படவில்லை. தறிக் கொட்டகையில் இருப்பதுபோல வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

பாய் மூன்று பிளேயர்களை எடுத்து வைத்தார். என் கட்டம் போட்ட தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இதுல பாதி சாமான் கெட்டுப்போறதுக்குன்னே வெக்கிறது டீச்சர். வீட்ல ஒக்காந்து கேக்கறதுக்குப் பொட்டி கனமா இருக்கணும், லென்ஸ் கெட்டா மாத்து லென்ஸ் கெடைக்கணும், கம்ப்யூட்டர்ல எழுதுன சிடிய படிக்கணும். அவ்ளோதான்.” பாவா நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிளேயரும் ஓடும்போது மூடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முதலாவதில் கையை வைத்த உடனே எடுத்துவிட்டார். “ஒதறுது பாய். ஆறு மாசம் தாங்காது” என்றார். பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரும்பாலும் பாவாவிடம்தான் பேசினார், கை ஜாடையும் சேர்த்து.

முதலாவது பிளேயர் ஐந்தாவது பாட்டில் நின்றது. இரண்டாவது நாலாவதிலிருந்து ஆறாவதற்குத் தாவிவிட்டது. பாய் சிடியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். “இங்க பாருங்க, இதான் சங்கதி. ஏதோ ஒட்டிகினு கீது. ஒரு தொட தொடச்சா எந்தப் பொட்டிலயும் ஓடும்” என்று ஈரத் துணியை எடுத்தார். பாவா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

“அது அவ வெச்ச பொட்டு பாய்.”

அதன் பிறகுதான் முழுவதும் சொன்னார். ஆயுத பூஜையன்று தறியைக் கழுவி, நூல் சுற்றும் தார்க்குச்சியிலிருந்து கத்தரிக்கோல் வரை சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அக்கா மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் வைத்துவிட்டு, அந்த வருடம் சிடிக்கும் வைத்திருக்கிறாள். பளபளக்கும் பக்கத்தில். அங்கே வைக்காதே, எழுத்து இருக்கிற பக்கம் வை என்று பாவா சொன்னாராம். “எழுத்து இருக்கிறது முதுகுய்யா, மின்னுறதுதான் மொகம். பொட்ட எவனாச்சும் முதுகுல வெப்பானா” என்றாளாம். அதுதான் அவள் கடைசி ஆயுத பூஜை. சந்தனம் உதிர்ந்து, குங்குமம் மட்டும் விரல் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் அவள் கை பட்ட மற்றதெல்லாம் தேய்ந்தோ கழுவப்பட்டோ போய்விட்டது.

நான் அந்த நேரத்திலும் டீச்சராகத்தான் பேசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. “உங்களுக்கு அந்தக் கறை வேணுமா பாவா, அக்கா குரல் வேணுமா?” என்று அவர் எதிரில் போய் நின்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். வெளியே ஒரு காவடி கடந்து போனது.

“ரெண்டும் வோணும் பாப்பா” என்றார்.

பாய் துணியைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது பிளேயரை முன்னால் இழுத்தார். இந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான் அது. இருந்ததிலேயே பழசு, விலையும் கம்மி, என் தாளில் ஒரு டிக் கூட வாங்காது. “புதுசுங்க ஒரு வாட்டி பாக்கும், தெரியலன்னா உட்டுட்டுப் போயிடும். இது அப்டி இல்ல. தேடிப் பாக்கும்” என்றார். லென்ஸைத் துடைத்து, ஏதோ ஒரு திருகை மயிரிழை திருப்பி, மறுபடி திருப்பி, அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தார். ஐந்தாவது பாட்டு தொடங்கியது. பம்பைச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. பாவா மூடியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நடுவில் அவர் முகம் ஒருமுறை சுருங்கியது. பிறகு தெளிந்தது. “ஆங்” என்றார். அவ்வளவுதான். கிளம்பும்போது பாய், பெட்டியை எங்கே வைத்தாலும் சமமாக வையுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த ஞாயிறு அம்மையார்குப்பம் போனேன். அப்போதுதான் அந்தப் பெட்டி பாடுவதைச் சரியாகக் கேட்டேன். ஐந்தாவது பாட்டு, இரண்டாவது அடி. அக்கா குரல் மேலே ஏறும்போது அங்கங்கே லேசாகத் திக்கியது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. உள்ளே ஏதோ கிறுகிறுவென்று அலையும் சத்தம். போச்சு, இதுவும் போச்சு என்று பட்டனை அழுத்தக் கையை நீட்டினேன். பாவா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரு பாப்பா. வந்துகினு கீறா.”

வந்தாள். விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதே சுருதியில். பாவா என் கையை விட்டுவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். தினமும் நடக்கிற ஒன்று நடந்தது என்பதுபோல இருந்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியக்கூடாது என்று அடுப்படிக்குப் போனேன். அவருக்குக் கேட்டிருக்காது என்றாலும்.

ஏழு வருடம் அந்தப் பெட்டி அவரோடு இருந்தது. ஒரே ஒரு முறை பாய் லென்ஸ் மாற்றிக் கொடுத்தார். போன தை மாதம் பாவா போய்விட்டார். எல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது, அக்கா மகள் பெட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். இந்த ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பெட்டிக்கு மூடியில் வைத்தேன், பாவா கை வைக்கும் இடத்தில். சிடியைத் தொடவில்லை.

அன்றைக்குப் பாட்டைப் போட்டேன். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஐந்தாவது பாட்டில் குரல் ஏறி, திக்கி, நின்றது. கிறுகிறுவென்று உள்ளே தேடும் சத்தம். “நின்னு போச்சு” என்று அவர் பட்டனை அழுத்தப் போனார். எப்போது பிடித்தேனோ தெரியாது, அவர் மணிக்கட்டு என் கையில் இருந்தது.

“இருங்க” என்றேன். “வந்துகினு கீறாங்க.”

அக்காவை மட்டும் சொல்லும்போது நான் ஒருநாளும் பன்மையில் சொன்னதில்லை.