கீழே உட்காரலாமா

போடியில் வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடும் தகுதி எனக்குக் கிடைப்பதற்குள் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. சிவில் டிப்ளமோ மட்டும் போதாது. ஏற்கெனவே பதிவு பெற்ற ஒருவரிடம் வேலை பார்த்த அனுபவச் சான்று வேண்டும், நன்னடத்தைச் சான்று வேண்டும், விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். எழுபதுகளின் நடுவில் ஒருவழியாக நகராட்சிப் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. லைசென்ஸ் சர்வேயர் என்று ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினேன். வேலை இல்லாத நாளில்கூட வெறும் தாளில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துக்கொள்வேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

அந்த ஸ்டாம்பின் மை காய்வதற்குள் நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மனைவியின் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. அவர் கட்டிய மாடி வீட்டுக்கு வரைபடம் போட்டது நான்தான். கீழே இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர், மேலே குடியிருக்க மூன்று அறை. வீடு எழும்பிய மாதங்களில் நான் மலையில் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு லைன் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். வரைபடத்தின்படி கட்டப்பட்டிருக்கிறது என்று நான் சான்று கொடுத்தால்தான் நகராட்சியில் வேலை நகரும்.

புது வீடு தெருவைத் தாண்டினால் வந்துவிடும். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மச்சானின் பழைய வீட்டில் காப்பி சூடாக இருந்தது.

"நம்ம வீடுதானே மாப்ளே. இங்கனயே போடுங்க," என்றார்.

போட்டேன். 'நேரில் பார்வையிட்டேன்' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழேயே போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் என் ஆபீசுக்கு ஒரு பெண் வந்தார். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ்சில் வந்து, மச்சானிடம் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிறவர். மேஜைமேல் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கை அளவுக் காரைத் துண்டு ஒன்று, கூடவே நாலைந்து ஏலக்காய்.

"மேலருந்து எம் முறத்துல விழுந்துச்சுண்ணே. கேட்டா, 'இஞ்சினியரு கையெழுத்துப் போட்ட வீடு, ஒண்ணும் ஆகாது'ன்றாரு மொதலாளி. போட்டது நீங்கதானாம்ல. அதான் ஒரு எட்டு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நாங்க கீழ உக்காரலாமா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கடையில் அரிசி நல்லதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். உட்காரலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, கூடாது என்றும் சொல்ல முடியவில்லை. நான் அந்த வீட்டுக்குள் போனதே இல்லையே.

"வாங்க ஆத்தா, போய்ப் பாப்போம்," என்று அவரோடு நடந்தேன்.

கீழே நடுச்சுவர் இல்லை. பொறுக்குகிறவர்கள் வரிசையாக உட்கார வசதியாக ஒரே கூடமாக்கியிருந்தார்கள். சுவர் தாங்க வேண்டிய தளம் அந்தரத்தில் நின்றது. மாடியில் குடியிருப்பதற்குக் கட்டில்கூட இல்லை. ஈரம் படாமல் மேலே ஏற்றிவைத்து, விலை ஏறும்வரை காத்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். அறைக்கு அறை உத்தரம் முட்ட ஏலக்காய் மூட்டை. கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன். தளத்தின் நடுவில் ஒரு விரிசல் ஓடியது, அதற்கு நேர் கீழே முறமும் கையுமாகப் பெண்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க, வெரசா," என்றேன்.

மச்சான் ஓடிவந்தார். "நாளைக்கு ஏலம் இருக்கு மாப்ளே. பொறுக்கி முடியட்டும்."

"மூட்டைய எறக்குங்க மச்சான். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது."

"விழவா போகுது?"

எனக்குத் தெரியாது. அதுதான் நிஜம். பொழுது சாய்வதற்குள் சென்டரிங் கம்புகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம். மூட்டைகள் ஜீப்பில் வேறு கோடவுனுக்குப் போயின.

வீட்டுக்குப் போய், நேரில் பாராமல் சான்று கொடுத்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று நகராட்சிக்கு எழுதினேன். என் மனைவி வாசித்துவிட்டு, "எங்க அண்ணன் இனி இந்த வாசப்படி மிதிக்காது," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துருங்க," என்றும் அவளே சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

என் பதிவை ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். நியாயம்தான். மறுபடி மலைக்கே போய் எஸ்டேட் வேலை பார்த்தேன். வருடம் கழிந்து புது விண்ணப்பம் கொடுத்தபோது, முன்பு நடவடிக்கை ஏதும் உண்டா என்ற கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். பதிவு திரும்பக் கிடைத்தது.

முதலில் வந்து நின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த மச்சான்தான். தளத்தை இடித்து, நடுச்சுவரை எழுப்பி, கோடவுனுக்கு என்றே வேறு வரைபடம் வாங்கிக் கனமான தளம் போட்டிருந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவ காப்பி கெடையாது மாப்ளே. ஏறிப் பாத்துட்டுப் போடுங்க," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அடித்தளத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக வேறொரு பதிவு பெற்றவர் பார்த்து எழுதிய குறிப்புகளைப் படித்தேன். மேலே ஏறினேன், அளந்தேன், மூட்டைகளை எண்ணினேன். இறங்கி வந்தால் கீழ் அறையில் பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ராசிங்காபுரத்துக்காரரும் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

"உக்காருங்கண்ணே."

அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அத்தனை மூட்டையும் இருந்தது. அங்கேயே தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.